செவ்வாய்க்கிழமை யார் குடிப்பார்கள்?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சிப் பழகியவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் 'இதையே தொழிலாக்கினால் என்ன?' என்று தோன்றும். கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கத்தில் சிறிய ப்ரூவரி (பீர் காய்ச்சி விற்கும் இடம்) நடத்தும் மதுரைக்காரர் ஒருவர், இதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சில வருடங்களாக கராஜில் ஐந்து கேலன் அளவில் பீர் காய்ச்சுகிறேன். குடித்த நண்பர்கள் எல்லாரும் கடையில் வாங்குவதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள். முதலில் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம் கடை போடலாமா? (வாசகர், சன்னிவேல்)

கராஜிலிருந்து ஒரு பாட்டில்கூட விற்க முடியாது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் சட்டத்துக்குக் கிடையாது. நீங்கள் இன்று நிம்மதியாகக் காய்ச்சுவதே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டத்தால்தான். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் இருந்தால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். வரி கிடையாது, விற்பனையும் கிடையாது. 'கராஜையே பதிவு செய்து ப்ரூவரி ஆக்கிவிட்டால்?' என்று அடுத்து கேட்பீர்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் ப்ரூவரி வைக்க மத்திய அரசின் விதி அனுமதிப்பதில்லை. தனிக் கட்டடமாக இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்றாலும், குடியிருப்புப் பகுதியில் நகராட்சி விடாது.

நண்பர்கள் விஷயத்துக்கு வருவோம். ஓசியில் கொடுத்த பீரை யார் குறை சொல்வார்கள்? வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கோடாவும் வைத்து, 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். உங்கள் பீரைப் போட்டிக்கு அனுப்புங்கள். பயிற்சி பெற்ற நடுவர்கள் யாருடையது என்று தெரியாமல் குடித்து, 50-க்கு மதிப்பெண் போடுவார்கள். சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. நம் ஆட்கள் பீரின் நிறத்தைப் படம் எடுத்துப் போடுவதிலேயே பாதி உற்சாகத்தைச் செலவழிப்பதால் இதைச் சொல்கிறேன். ஒரே ரெசிபியை வெவ்வேறு போட்டிகளுக்கு அனுப்பி, ஒவ்வொரு முறையும் 38-க்கு மேல் வந்தால், உங்கள் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை 42 வந்து அடுத்த முறை 27 வந்தால், கையில் இருப்பது அதிர்ஷ்டம். கடையில் உட்காருகிறவர் போன வாரம் குடித்த அதே பீரைத்தான் இந்த வாரமும் கேட்பார்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். வேலையை விடாமல், வார இறுதியில் மட்டும் என் சொந்த ப்ரூவரியில் வேலை செய்யலாமா? (வாசகர், ஃப்ரீமாண்ட்)

பணம் போட்டுப் பங்குதாரராக இருக்கலாம். ஆனால் அங்கே போய் ஒரு பாத்திரத்தைக் கழுவினாலும் அது வேலைதான். எச்1பி உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்காக மட்டுமே கொடுக்கப்பட்டது. 'சம்பளம் வாங்கவில்லையே' என்ற சமாதானம் எடுபடாது. கூடவே, ப்ரூவரி அனுமதிக்கான மத்திய விண்ணப்பத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒளிந்துகொண்டு செய்கிற தொழில் இல்லை இது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிட்டு அப்புறம் கட்டடம் தேடுங்கள். பச்சை அட்டை வரும்வரை கராஜே நல்ல இடம்.

கேள்வி: முதலீடு குறைவாக இருக்கட்டும் என்று ஒரு பேரல் கொள்ளளவில் ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பெரிதாக்க நினைக்கிறேன். எவ்வளவு ஆகும்? எந்த அளவு சரி? (வாசகர், எல்க் குரோவ்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில் ஆட்கள் விழுவது இங்கேதான்.

சொனோமாவில் 1976-இல் ஜாக் மெக்காலிஃப் என்று ஒருவர் நியூ ஆல்பியன் என்ற ப்ரூவரியை ஆரம்பித்தார். கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் குடித்த பீரை மறக்க முடியாமல் வீட்டில் காய்ச்சப் பழகியவர். இன்று நாம் கிராஃப்ட் பீர் (சிறிய ப்ரூவரிகளின் பீர்) என்று சொல்வதன் ஆரம்பமே அவர்தான் என்று சொல்லலாம். கிடைத்த டிரம்களையும் பழைய பாத்திரங்களையும் தானே வெட்டி, ஒட்டி, ஒரு தடவைக்கு ஒன்றரை பேரல் வருகிற மாதிரி கட்டினார். பீருக்குப் பேர் கிடைத்தது. பத்திரிகைகள் எழுதின. 1982-இல் மூடிவிட்டார். ராப்பகலாக உழைத்தும் அந்த அளவில் செலவுக்குக் கட்டவில்லை, பெரிதாக்கக் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை.

அதே கலிஃபோர்னியாவில், சிகோ என்ற ஊரில் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தவர் கென் கிராஸ்மன். அவரும் பால் கமூசியும் சேர்ந்து பழைய பால் பண்ணைத் தொட்டிகளை வாங்கி, பத்து பேரல் அளவில் கட்டி, 1980 நவம்பரில் முதல் பீரைக் காய்ச்சினார்கள். அதுதான் சியரா நெவாடா. தங்கள் பேல் ஏல் என்ற வகை பீர் ஒரே மாதிரி வரும்வரை ஆரம்பத் தொகுதிகளை விற்காமல் சாக்கடையில் ஊற்றினார்கள். மெக்காலிஃப், கிராஸ்மன் இரண்டு பேருமே பழைய இரும்பைத்தான் நம்பினார்கள். தொட்டியின் அளவுதான் வேறு.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பேரல் காய்ச்சினாலும் ஏழு பேரல் காய்ச்சினாலும் உங்களுக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய ஒன்றே. காலையில் தண்ணீர் சூடாக்குவதில் தொடங்கி, சாயங்காலம் தரையைக் கழுவி முடிக்கிற வரை எட்டு மணி நேரம். ஒரு பேரல் என்பது 31 கேலன், நம் கணக்கில் சுமார் 117 லிட்டர். 16 அவுன்ஸ் பைண்டாக ஊற்றினால் 248 பைண்ட். நுரையில் போனது, குழாயில் நின்றது, 'கொஞ்சம் ருசி பார்க்கிறேன்' என்று கேட்பவருக்குக் கொடுத்தது எல்லாம் கழித்தால் 220 என்று வையுங்கள். பைண்ட் 7 டாலர் என்றால் ஒரு பேரலுக்கு 1,540 டாலர். வாரம் ஒருமுறை ஒரு பேரல் காய்ச்சினால் வருடத்துக்கு 80,000 டாலர் வரவு. கலிஃபோர்னியாவில் வாடகை, மின்சாரம், காப்பீடு, ஊழியர் ஒருவர் என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். உங்கள் சம்பளம் என்ற வரிக்கு வருவதற்குள் காகிதம் முடிந்துவிடும்.

சரி, ஏழு பேரல் என்றால் ஏழு மடங்கு வரும் அல்லவா? வரும், குடிக்க ஆள் இருந்தால். வாரத்துக்கு ஏழு பேரல் என்றால் நாளுக்கு 220 பைண்ட் போக வேண்டும். வெள்ளி, சனி இரண்டு நாளும் நாளுக்கு நானூறு ஓடலாம். செவ்வாய்க்கிழமை? மழை பெய்கிற பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை? அதனால் யார் என்னிடம் கேட்டாலும் கெட்டில் (பீர் காய்ச்சும் பாத்திரம்) அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன், 'செவ்வாய்க்கிழமை யார் குடிப்பார்கள்?' என்று கேட்பேன். நாற்காலி எத்தனை, வாகனம் நிறுத்த இடம் எத்தனை, சுற்றிலும் வீடா ஆபீஸா என்று பார்த்து, ஒரு வாரத்தில் எத்தனை பைண்ட் போகும் என்று எண்ணி, அதிலிருந்து பின்னால் நடந்து கெட்டிலுக்கு வாருங்கள்.

மிச்சத்தை பார்களுக்கு கெக்காக (எஃகுப் பீப்பாயாக) கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் ஒரு நம்பிக்கை வைத்திருப்பார்கள். கலிஃபோர்னியாவில் ப்ரூவரியே நேரடியாகக் கடைகளுக்கு விற்க அனுமதி உண்டு, அது நல்ல விஷயம். ஆனால் 15.5 கேலன் கெக் ஒன்றுக்கு என் பக்கத்தில் 170 டாலர் வாங்குவதே பெரிய பாடு. ஒரு பேரலுக்கு இரண்டு கெக், 340 டாலர். உங்கள் சொந்தக் கவுண்டரில் 1,540 கொடுக்கிற அதே பீர். அதிலும் கெக்கைத் திருப்பி வாங்கி வர நீங்களே வண்டி எடுத்துப் போக வேண்டும், சில கெக்குகள் திரும்பியே வராது. ஆகவே சின்ன ப்ரூவரி என்பது பீர் கிடைக்கிற ஒரு கடை. அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

வரியைப் பற்றிப் பயப்படாதீர்கள். மத்திய வரி, சின்ன ப்ரூவரிகளுக்கு பேரலுக்கு மூன்றரை டாலர். கலிஃபோர்னியா கேலனுக்கு 20 சென்ட், அதாவது பேரலுக்கு 6 டாலர் 20 சென்ட். இரண்டையும் கூட்டினால் பைண்டுக்கு 4 சென்ட்தான். விற்பனை வரி தனி. மத்திய அனுமதிக்குக் கட்டணமும் கிடையாது. பணம் போகிற இடம் தரைக்கு அடியில். தண்ணீர் வடிய சரிவாகத் தரையை வெட்டிக் கால்வாய் போட்டு, மூன்று ஃபேஸ் மின்சாரம் இழுத்து, சக்கர நாற்காலி உள்ளே வருகிற மாதிரி கழிப்பறை கட்டி முடிக்கும்போது, பளபளவென்று இருக்கும் அந்த எஃகுத் தொட்டிகள்தான் இருப்பதிலேயே மலிவு என்று தோன்றும். ஏழு பேரல் இடத்தை 5 லட்சம் டாலருக்குக் கீழே முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முடித்தவர்கள், ஏற்கெனவே மூடிய ப்ரூவரியின் இடத்தை வாங்கியவர்கள். இப்போது அப்படிப்பட்ட இடங்கள் நிறையக் கிடைக்கின்றன என்பது உங்களுக்கு லாபமா எச்சரிக்கையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. மத்திய அனுமதி கேட்கவே இடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதாவது, ஒரு துளி விற்பதற்கு முன்பே வாடகை ஓட ஆரம்பித்துவிடும். மாநில மது இலாகாவின் அறிவிப்பை வாசலில் 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும், நகராட்சி தனியாக ஒரு விசாரணை வைக்கும், யாராவது ஒருவர் சத்தம் வரும் என்று ஆட்சேபிப்பார். குத்தகையில் கையெழுத்துப் போடும்போதே அனுமதி வரும்வரை வாடகை இல்லை, அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பாதிப் பேர் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

கேள்வி: என் ஐந்து கேலன் ரெசிபியை அப்படியே 43-ஆல் பெருக்கினால் ஏழு பேரலுக்கு வந்துவிடும்தானே? (வாசகர், சான் ஹோசே)

கணக்கு சரி, பீர் சரியாக வராது. வீட்டில் நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரை நானூறு பேருக்குப் பெருக்கிப் புளி போட்டால் என்ன ஆகும் என்று கல்யாணச் சமையல்காரரைக் கேளுங்கள்.

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஏறக்குறைய பெருக்கலுக்கு ஒத்துவரும், கொஞ்சம் குறைவாகவே போதும். பெரிய மில்லில் உடைத்து, நிதானமாக வடிகட்டும்போது அதே மால்ட்டிலிருந்து அதிகம் சர்க்கரை இறங்கும். சாதாரண பேல் ஏலுக்கு 55 பவுண்ட் மூட்டை எட்டு வாங்கி வைத்தால் முக்கால்வாசி நாள் ஒரு மூட்டையில் பாதி மிஞ்சும். வீட்டில் ஒரு மணி நேரம் கொதித்தால் ஐந்தில் ஒரு பங்குகூட ஆவியாகப் போய்விடும். பெரிய கெட்டிலில் அவ்வளவு போகாது. அதனால் தண்ணீர்க் கணக்கும் மாறும்.

பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூவான ஹாப்ஸ்தான் ஏமாற்றும். வீட்டில் அடுப்பை அணைத்ததும் செம்புச் சுருளை இறக்கி, கால் மணி நேரத்தில் ஆற்றிவிடுகிறீர்கள். கடைசியில் போட்ட ஹாப்ஸிலிருந்து மணம் மட்டும் இறங்கும். இங்கே அடுப்பை அணைத்த பிறகு வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) சுழலவிட்டு, கசடு நடுவில் குவியும்வரை காத்திருந்து, பிறகு தட்டுத்தட்டான ஆற்றிக் கருவி வழியாக மெதுவாக அனுப்ப வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த நேரம் முழுக்கக் கெட்டிலில் மிச்சம் இருக்கும் வோர்ட் 80 டிகிரிக்கு மேல் சூடாகவே நிற்கும், ஹாப்ஸும் கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் மாம்பழ வாசனை வந்த ரெசிபி இங்கே நாக்கை இழுக்கும். கொதிக்கும்போது போடுகிற ஹாப்ஸைக் குறையுங்கள். கடைசி ஹாப்ஸ் போடுவதற்கு முன் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் கலந்து சூட்டை இறக்குகிறவர்களும் உண்டு.

ஈஸ்ட்டை ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் என்று இனி எண்ண முடியாது. நுண்ணோக்கியில் செல்லை எண்ண வேண்டும். ஏல் வகை பீருக்கு ஒரு மில்லிலிட்டரில், ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரை அளவைக் காட்டும் அலகு) முக்கால் மில்லியன் செல் என்பது பழைய கணக்கு, இன்றும் நிற்கிறது. ஒரு தொட்டியின் அடிக்கூம்பிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை அடுத்த தொட்டிக்குப் போடப் பழகினால்தான் செலவு கட்டும். அப்புறம் சூடு. ஐந்து கேலன் வாளி தன் சூட்டை அறைக்குக் கொடுத்துவிடும். எண்ணூறு லிட்டர் தொட்டி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். சுற்றிலும் கிளைக்கால் (glycol) என்ற குளிர்திரவம் ஓடாவிட்டால் ஒரே ராத்திரியில் எகிறிவிடும்.

வீட்டில் நொதிக்கிற வாளிக்குள் ஹாப்ஸைத் தூவி மூடுவது போல இங்கே செய்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறையாவது வீடியோவில் பார்த்து வையுங்கள். பீரில் கரைந்திருக்கிற வாயு, ஹாப்ஸ் துகள் பட்டதும் ஒரே மூச்சில் வெளியே வரப் பார்க்கும். தொட்டியின் மேல்வாய் வழியாகப் பச்சை நுரை கூரை வரை பீய்ச்சும். ஏணியில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்பதுதான் கவலை. கொஞ்சமாகப் போட்டு, மூடி, பொறுத்து, மறுபடி போட வேண்டும்.

அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. பீரை எடுத்த பிறகு தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அதை வெளியேற்றாமல் காஸ்டிக் சோடாக் கரைசலை உள்ளே தெளித்தால், காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே வெற்றிடமாகி, காற்றுப் போக வழி இல்லாவிட்டால் தொட்டி உள்வாங்கி நசுங்கும். ஆயிரக்கணக்கான டாலர் எஃகு, சில நொடி. அதே வாயு தரையோரமாகத் தேங்கி ஆளையும் மயக்கும். நம் ஊரில் கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பயம் இங்கேயும் வேண்டும். சுவரில் தரைக்குப் பக்கத்தில் ஒரு வாயு அளவி மாட்டுங்கள்.

முதல் நாள் மால்ட் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் முழு ஒத்திகை பாருங்கள். எந்த வால்வு கசிகிறது, எந்தப் பம்பு ஒத்துழைக்க மறுக்கிறது, எந்தக் குழாய் ஓரடி குட்டை என்பதெல்லாம் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ப்ரூவரி ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறார். வீட்டின் மேல் கடன் வாங்கலாமாம். அவருடைய பீர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறார். நான் சம்மதிக்கலாமா? (வாசகி, சான் டியேகோ)

சகோதரி, பீர் நன்றாக இருப்பது பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அவருக்கு விற்கப் பிடிக்குமா என்று பாருங்கள். தெரியாத ஆளிடம் சிரித்துப் பேசுவது, குழாய் அடைத்தால் தானே குனிவது, பார் மேலாளரிடம் பத்துத் தடவை போய் நிற்பது, இவையெல்லாம் அவர் சுபாவத்தில் இருக்கிறதா? காய்ச்சுவது வாரத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் கழுவுவது, கணக்கு, பேச்சு.

ஒரு யோசனை. சனிக்கிழமைகளில் பக்கத்தில் உள்ள ஏதாவது ப்ரூவரியில் பகுதிநேர வேலைக்குச் சேரட்டும். சம்பளத்துக்கே சேரட்டும், லாபத்துக்கு நடக்கிற இடத்தில் சும்மா வேலை வாங்குவதை இங்கே சட்டம் ஒத்துக்கொள்ளாது. கெக் கழுவுகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கால் முழுக்க நனைந்து, கையில் காஸ்டிக் வாடையோடு வீட்டுக்கு வருகிறவர், அடுத்த சனிக்கிழமையும் சீக்கிரம் எழுந்து கிளம்புகிறாரா என்பதைப் பாருங்கள். படிக்க ஆசைப்பட்டால் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நல்ல ப்ரூயிங் படிப்பு இருக்கிறது, அதுவும் தொழிலில் போடுகிற பணத்தோடு பார்த்தால் பெரிய செலவில்லை.

கடன் விஷயத்தில் நான் கறார். வீட்டைத் தொடாதீர்கள். கட்டடக்காரர் குத்தகைக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பார், வங்கியும் கேட்கும். கம்பெனி வேறு நாம் வேறு என்கிற பாதுகாப்பு அந்தக் கையெழுத்தோடு போய்விடும். கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப் பிறகு ஒருவர் வாங்கிய கடனும் பொதுவாக இருவரின் கூட்டுச் சொத்தைத் தொடும். அதனால் இது அவருடைய ப்ரூவரி இல்லை, உங்கள் இருவருடையது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமையை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலை வழியாகக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். இல்லாவிட்டால் அது கிடைக்கிற வரை அவர் வேலையை விட வேண்டாம்.

கேள்வி: சொந்தமாகக் கட்டாமல், வேறு ப்ரூவரியில் காய்ச்சி வாங்கி என் பெயரில் விற்கலாமா? (வாசகர், இர்வைன்)

தாராளமாக. சாமுவேல் ஆடம்ஸ் என்ற பிரபலமான அமெரிக்க பீர் அப்படித்தான் ஆரம்பித்தது. 1980-களில் அவர்கள் பாஸ்டன் பேரை வைத்துக்கொண்டு பிட்ஸ்பர்க்கில் காய்ச்சினார்கள். ஆனால் லாபம் கெக் விற்கிற லாபம்தான், கவுண்டர் லாபம் கிடைக்காது. ஊர் முழுக்கச் சுற்றி விற்கத் தெரிந்தவருக்குச் சரி. காய்ச்சுகிற ஆசையில் வருகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: கருப்பட்டி, சுக்கு, கொத்தமல்லி எல்லாம் போட்டு நம் ஊர் பீர் செய்ய ஆசை. அனுமதி கிடைக்குமா? ருசி வருமா? (வாசகர், ஹூஸ்டன்)

மத்திய அரசு, வழக்கத்தில் இல்லாத பொருள் சேர்க்கிற பீருக்கு ரெசிபி அனுமதி கேட்கும். கொத்தமல்லி, இஞ்சி, காபி, தேன் போன்றவை விலக்குப் பட்டியலில் இருப்பவை, கேட்க வேண்டியதில்லை. பெல்ஜியத்துக்காரர்கள் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையை எப்போதோ போட்டுவிட்டார்கள், நாம் போய்ப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம். கருப்பட்டிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கருப்பட்டியில் ஒரு விஷயம். அதன் இனிப்பை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது அந்தப் புகைமணமும் லேசான உப்புக்கரிப்பும்தான். கூடவே பீர் நீர்த்தும் போகும். அதனால் மொத்தச் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மால்ட்டை 68 டிகிரி சூட்டில் ஊறவைத்தால் பீரில் கொஞ்சம் கனம் நிற்கும். நான் இதைப் போர்ட்டர் என்ற கறுப்பு நிற பீரில் செய்வேன். பொங்கல் சமயத்தில் குழாயில் போடுவதுண்டு. நம்மவர்கள் குடித்துவிட்டு 'கருப்பட்டி தெரியவே இல்லையே' என்பார்கள், அமெரிக்கர்கள் 'இது என்ன வாசனை?' என்று இரண்டாவது கிளாஸ் கேட்பார்கள். கடை நடப்பது அந்த இரண்டாவது கிளாஸில்.

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஆன்லைனில் ஈஸ்ட்டும் மால்ட்டும் கிடைக்கின்றன. வீட்டில் எனக்கு மட்டும் காய்ச்சிப் பழகலாமா? (வாசகர், கோவை)

கூடாது தம்பி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்ற விலக்கை நம்பி இறங்காதீர்கள். ஆசை இருந்தால் பெங்களூருக்குப் போய், உணவகத்தோடு சேர்ந்த உரிமம் பெற்ற மைக்ரோப்ரூவரி எதிலாவது வேலைக்குச் சேருங்கள். சம்பளத்தோடு பழகலாம்.

கேள்வி: தினமும் ஏதாவது ப்ரூவரி மூடுவதாகச் செய்தி வருகிறது. இப்போது ஆரம்பிப்பது புத்திசாலித்தனமா? (வாசகர், ஓக்லண்ட்)

செய்தி பொய்யில்லை. 2024-இல் அமெரிக்காவில் திறந்த சிறு ப்ரூவரிகளைவிட மூடியவை அதிகம். அதற்கு முந்தைய வருடம், 1896-இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோ ஆங்கர் ப்ரூவரியே கதவைச் சாத்தியது. வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி ஆனபோது நாடு முழுக்க நூறு ப்ரூவரிகூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். கிராஸ்மனுக்கு இருந்த வெற்று மைதானம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் உங்கள் ஊரில், நடந்து போகிற தூரத்தில், குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருகிற இடம் ஒன்றும் இல்லை என்றால், ஒன்பதாயிரம் என்ற எண் உங்களைத் தொடாது. கடையில் கேன் விற்கிற கனவோடு வந்தால் வேண்டாம். அலமாரியில் இடம் இல்லை.

கேள்வி: ப்ரூவரி வைத்த பிறகும் வீட்டில் காய்ச்சுகிறீர்களா? புது ரெசிபிகளை வீட்டில் செய்து பார்த்து, நன்றாக வந்தால் அதையே கடையில் ஊற்றுவீர்களா? (வாசகர், சன்னிவேல்)

காய்ச்சுகிறேன், ஆனால் அது வீட்டோடு சரி. கராஜில் செய்த பீர் கடைக் குழாய்க்கு ஒருநாளும் வர முடியாது. வாடிக்கையாளருக்கு இலவசமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. புது ரெசிபிக்கு ப்ரூவரிக்குள்ளேயே அரை பேரல் சட்டி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். அதில் காய்ச்சுவது பதிவேட்டில் ஏறும், வரியும் கட்டுவேன். வியாழக்கிழமை குழாயில் போட்டுவிட்டு, வாங்குகிறவர் கிளாஸை முடிக்கிறாரா, பாதியில் வைத்துவிட்டுப் போகிறாரா என்று மேஜை துடைக்கிறபோது பார்ப்பேன். மறுபடி எழுதுவீர்கள் என்று தெரியும். அடுத்த முறை போட்டி மதிப்பெண் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.